டிதரிங் செய்த படம் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிதரிங் என்பது கைவசமுள்ள சில நிறங்களின் புள்ளிகளைக் கலந்து பரப்பி, இல்லாத சாயல்களையும் கண்ணுக்குக் காட்டும் வித்தை. அது சரியாக வரவில்லை என்றதும் பலரும் கருவியை மாற்றிப் பார்க்கிறார்கள். கிம்ப்பிலிருந்து போட்டோஷாப், அங்கிருந்து கட்டளையால் இயங்கும் இமேஜ்மேஜிக், கடைசியில் பி5 ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் சொந்தமாக எழுதிய கோடு (நிரல்). எல்லாவற்றிலும் அதே கோளாறு கூடவே வரும். பத்தில் எட்டுத் தடவை தப்பு டிதரிங்கில் இருக்காது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை விட்டிருப்போம், அல்லது பின்னால் செய்யக் கூடாததைச் செய்திருப்போம்.

சரியான வரிசை இது: முதலில் கடைசி அளவுக்குச் சுருக்குவது, பிறகு கிரேஸ்கேல் (சாம்பல் நிறமாக்குவது), பிறகு வெளிச்சம்–கான்ட்ராஸ்ட் திருத்தம், கொஞ்சம் ஷார்ப்பன், அதன் பிறகுதான் டிதரிங். டிதரிங் முடிந்தால் சேமிப்பது ஒன்றுதான் பாக்கி. பின்னால் சொல்லும் முழு எண் மடங்குப் பெருக்கம் தவிர, அதற்கு மேல் படத்தைத் தொடக் கூடாது.

கோளாறு தேடுவதற்கு முன் ஒரு சோதனைப் படம் செய்துகொள்ளுங்கள். 256 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரம், இடது ஓரம் 0, வலது ஓரம் 255, நடுவில் ஒவ்வொரு பத்திக்கும் ஒன்று கூடும் சாம்பல் பட்டை. போட்டோவை வைத்துக் கருவிகளை ஒப்பிட்டால் கண் ஏமாறும். இந்தப் பட்டையில் ஒவ்வொன்றும் எங்கே சறுக்குகிறது என்று அப்பட்டமாகத் தெரியும்.

## புள்ளிகள் மங்கலாக, ஓரத்தில் சாம்பல் படிந்து தெரிகின்றன

நிறங்களை எண்ணுங்கள். கறுப்பு–வெள்ளை டிதரிங் என்றால் இரண்டே நிறம் இருக்க வேண்டும். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் கெட்கலர்ஸ் ஃபங்ஷன் சொல்லிவிடும். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவின் இன்ஃபோ பகுதியில் கலர்கியூப் அனாலிசிஸ் இருக்கிறது. எண்ணிக்கை 2 என்று வந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது, பார்க்கும் விதத்தில்தான் தப்பு. அடுத்த தலைப்புக்குப் போங்கள். இரண்டுக்கு மேல் வந்தால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

ஜேபெக்காகச் சேமித்திருக்கிறீர்கள். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, நுண்ணிய ஏற்ற இறக்கத்தைத்தான் முதலில் தூக்கி எறியும். டிதரிங் படம் முழுக்க நுண்ணிய ஏற்ற இறக்கம்தான். பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஏற்கெனவே ஜேபெக் ஆன படத்தைத் திரும்ப பிஎன்ஜி ஆக்குவதால் பயன் இல்லை. மூலப் படத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

அனுப்பிய வழியில் கெட்டது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிவிடுவதே வழி: 1080 பிக்சல் அகலம் வேண்டுமென்றால் 270 அகலத்தில் டிதரிங் செய்து, நியரஸ்ட் நெய்பர் முறையில் (நிறம் கலக்காமல் பிக்சலை அப்படியே நகலெடுப்பது) சரியாக 4 மடங்கு பெருக்குங்கள். 4×4 பிக்சல் பருமனுள்ள புள்ளி, ஒற்றைப் பிக்சல் புள்ளியைவிட ஜேபெக்கை வெகுவாகத் தாங்கும்.

டிதரிங்குக்குப் பிறகு அளவு மாற்றினீர்கள். பைலீனியர், பைக்யூபிக் எதுவானாலும் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சாம்பல் ஆக்கிவிடும். 2, 3, 4 என்று முழு எண் மடங்கு, நியரஸ்ட் நெய்பர். வேறு எதுவும் கூடாது.

## கோப்பு சரி, ஆனால் திரையில் வலை போட்டதுபோல் தெரிகிறது

ஸூம் 100 சதவீதமா என்று பாருங்கள். 67 சதவீதத்தில் பார்த்தால் எந்த டிதரிங்கும் பட்டுத்துணியை மடித்துப் பிடித்ததுபோல் அலை அலையாகத்தான் தெரியும். ஸூம் 100 இருந்தும் வலை போகவில்லையென்றால், விண்டோஸில் டிஸ்ப்ளே ஸ்கேல் 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கும். பிரவுசர் அதற்கேற்பப் படத்தை இழுக்கிறது. ஒருமுறை 100க்கு மாற்றிப் பார்த்தாலே உறுதியாகிவிடும்.

வலைப்பக்கத்தில் போடும்போது சிஎஸ்எஸ்ஸில் இமேஜ்-ரெண்டரிங் என்பதற்குப் பிக்சலேட்டட் என்று கொடுங்கள். இதனால் மங்கல் போகும். ஆனால் பெருக்கம் முழு எண்ணாக இல்லாவிட்டால் சில வரிசை தடித்தும் சில மெலிந்தும் நிற்கும். அகலத்தைப் பிக்சலில் நிலைநிறுத்துவதே தீர்வு, சதவீதத்தில் கொடுக்காதீர்கள்.

பேப்பரில் அச்சிட்டபோது வலை வந்தால், பிரிண்ட் பெட்டியில் ஃபிட் டு பேஜ் டிக் ஆகியிருக்கும். ஆக்சுவல் சைஸ் தேர்ந்தெடுங்கள்.

## திரையில் வெளுத்துப்போகிறது, அல்லது பேப்பரில் இருண்டுபோகிறது

இரண்டிலும் புள்ளிகளின் கணக்கும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஒத்துப்போவதில்லை; காரணம்தான் வேறு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கருவி ஒப்பீடுகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

ஒரு சிறிய சோதனை. கறுப்பும் வெள்ளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் சதுரங்கப் பலகையை, ஒரு பிக்சல் கட்டத்தில் 200×200 அளவுக்கு வரையுங்கள். அதன் இடப்பக்கம் 128 மதிப்புள்ள சாம்பல் சதுரம், வலப்பக்கம் 188 மதிப்புள்ள சாம்பல் சதுரம். ஸூம் 100 சதவீதத்தில் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்பதால் 128ஓடு ஒத்துப்போகும் என்றுதான் மனம் சொல்லும். கண்ணுக்கு 188ஓடு சேர்ந்து போகும். கோப்பில் 128 என்று எழுதப்பட்ட சாம்பல், திரையில் விடும் ஒளி வெள்ளையின் ஒளியில் சுமார் 22 சதவீதம்தான்.

சாதாரண டிதரிங் 128ஐப் பார்த்ததும் பாதிப் புள்ளிகளை வெள்ளையாக்கிவிடும். அதனால் நடுத்தர நிழல்கள் எல்லாம் வெளுத்துப்போகும்.

திரைக்கான திருத்தம்: எஸ்ஆர்ஜிபி மதிப்பை (கோப்பில் உள்ள 0 முதல் 255 வரையிலான எண்ணை) நேர்கோட்டு ஒளி மதிப்பாக மாற்றிய பிறகு டிதரிங் செய்யுங்கள். கணக்கைத் தசமத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட்டில் மாற்றினால் நிழல் பகுதி படிக்கட்டாக உடையும். கிம்ப், போட்டோஷாப் போன்றவற்றில் கணக்கு போட முடியாது என்றால், கர்வ்ஸ் (வெளிச்ச வளைவு) கருவியில் 128ஐ 55 அருகே இறக்கிவிட்டு டிதரிங் செய்தால் ஏறக்குறைய அதே பலன்.

திருத்தம் செய்ததும் படம் கும்மிருட்டானால், அந்தக் கருவி முன்பே இந்த ஒளிக் கணக்கை (காமா) செய்கிறது. நீங்கள் இரண்டாம் முறை செய்திருக்கிறீர்கள். சோதனைப் பட்டையை அந்தக் கருவியில் கொடுத்துப் பாருங்கள்: 188ஆம் பத்தியில் பாதிக்குப் பாதி வெள்ளை வந்தால் கருவியே பார்த்துக்கொள்கிறது, 128ஆம் பத்தியில் வந்தால் பார்த்துக்கொள்ளவில்லை.

பேப்பருக்கு இந்தத் திருத்தத்தைச் செய்யாதீர்கள். மை பரவும், ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் தன் கட்டத்தைத் தாண்டி வழிந்து பக்கத்து வெள்ளையைத் தின்னும். திரையில் வெளுப்பாகத் தெரிந்த படம் பேப்பரில் சரியாக உட்காருவது இதனால்தான். அப்படியும் இருண்டால் 0 முதல் 100 வரை 10 சதவீதப் படிகளில் 11 கட்டம் அச்சிட்டு, எந்தக் கட்டத்திலிருந்து முழுக் கறுப்பாக அடைத்துக்கொள்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி கர்வ்ஸைத் தூக்குங்கள்.

## ஒரே படம், இரண்டு கருவியில் இரண்டு விதம்

முதலில் கிரேஸ்கேல் கணக்கைச் சந்தேகியுங்கள். பில்லோ சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 எடையில் சாம்பல் ஆக்கும். பிரவுசரின் கிரேஸ்கேல் ஃபில்டர் 0.2126, 0.7152, 0.0722 எடையில் ஆக்கும். 255, 0, 0 என்ற சுத்தச் சிவப்பு ஒன்றில் 76 ஆகும், மற்றதில் 54. அரக்குப் பட்டுப்புடவை கட்டியவரின் படத்தை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசத்திலேயே மடிப்புகள் மறைந்து புடவை ஒரே கறுப்பாகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் ஒரே இடத்தில் கிரேஸ்கேல் ஆக்கி, அந்தக் கோப்பை எல்லாக் கருவிக்கும் கொடுங்கள்.

அது சரியென்றால் முறை வேறு என்று பொருள். பில்லோவின் 1 பிட் (கறுப்பு–வெள்ளை) மாற்றம் சொல்லாமலே ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க் என்ற டிதரிங் முறையைச் செய்யும். கிம்ப்பில் இமேஜ், மோட், இண்டெக்ஸ்டு வழியாகப் போனால் அதே முறையின் இரண்டு வகையும், பொசிஷன்டு என்ற ஒன்றும் கிடைக்கும். போட்டோஷாப்பில் முதலில் கிரேஸ்கேல் ஆக்கினால்தான் பிட்மேப் மோட் திறக்கும். அங்கே அவுட்புட் ரெசல்யூஷன் இன்புட்டோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், மாறியிருந்தால் அளவும் மாறும்.

படத்தில் வெளிச்சமான இடம் பளீரென வெளுத்து, நிழல் முழுக் கறுப்பாக நின்றால் அது அட்கின்சன் முறை. ஆப்பிளில் பில் அட்கின்சன் உருவாக்கியது. பிழையை, அதாவது மூலச் சாம்பலுக்கும் வைத்த கறுப்பு அல்லது வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, எட்டுப் பங்காக்கி ஆறு பங்கைத்தான் பக்கத்துப் பிக்சல்களுக்குக் கொடுக்கும், இரண்டு பங்கை விட்டுவிடும். கோளாறு இல்லை. முகங்களுக்கும் கட்டடங்களுக்கும் அழகாக வரும். மூடுபனிக்கும் மேகத்துக்கும் ஆகாது.

## வானத்திலும் சுவரிலும் புழு நெளிகிறது

1976இல் வந்த ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க்கின் பிறவிக் குணம் இது. பிழையை 7, 3, 5, 1 என்று பதினாறில் பங்குபோட்டு எப்போதும் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் தள்ளுவதால், வெளிர் பகுதியில் புள்ளிகள் கோர்த்துக்கொண்டு சாய்வாக ஓடும்.

செலவில்லாத மருந்து, ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம் என்று உழவு ஓட்டுவதுபோல் போவது. திரும்பும் வரிசையில் பங்குகளையும் கண்ணாடிபோல் புரட்ட வேண்டும். அதை மறந்தால் முன்பைவிட மோசமாகும். அதிலும் போகவில்லையென்றால் டிதரிங்குக்கு முன் 2 முதல் 4 மதிப்பு அளவுக்குச் சிறிய நாய்ஸ் சேருங்கள். பிழையைப் 12 பிக்சலுக்குப் பரப்பும் ஜார்விஸ் அல்லது ஸ்டக்கி முறைக்கு மாறுவது அடுத்தது. சமதளம் சுத்தமாகும், நேரம் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புளூ நாய்ஸ் டெக்ஸ்சர், அதாவது கொத்தாகச் சேராமல் சீராகச் சிதறிய புள்ளிகளுள்ள ஆயத்தப் படம்: ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டால் வேகமும் கிடைக்கும், புழுவும் வராது.

## கறுப்பு–வெள்ளை கேட்டால் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி வருகிறது

கிரேஸ்கேல் ஆக்காமல் விட்டிருக்கிறீர்கள். இமேஜ்மேஜிக்கின் ஆர்டர்டு டிதர் ஒவ்வொரு வண்ண சேனலையும் தனித்தனியே இரண்டு மட்டமாக்கும். ஆக மொத்தம் 8 நிறம். கலர்ஸ்பேஸை கிரே ஆக்கும் கட்டளையை அதற்கு முன்னால் வையுங்கள்.

அதே கருவியில் வேறு இரண்டு இடறல்கள் உண்டு. டிதர் கட்டளையை நிறக் குறைப்புக்கு முன்னால் எழுத வேண்டும், பின்னால் எழுதினால் பலிக்காது. மைனஸ் போட்டு எழுதினால் இயங்கும், பிளஸ் போட்டு எழுதினால் நிற்கும்; இது பலரைக் குழப்புகிறது. விண்டோஸில் கன்வர்ட் என்று தட்டி டிரைவ் பற்றிய பிழைச் செய்தி வந்தால், விண்டோஸின் சொந்தக் கட்டளை முந்திக்கொண்டது என்று அர்த்தம். 7ஆம் பதிப்பில் மேஜிக் என்று தொடங்குங்கள்.

## சொந்தக் கோடில் படம் சிதறுகிறது

பொரி இறைத்ததுபோல் தப்பான இடத்தில் வெள்ளை, கறுப்புப் புள்ளிகள். பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் 8 பிட் எண்ணாகவே கணக்கு போட்டிருப்பீர்கள். 250ஓடு 10ஐக் கூட்டினால் 260 வராது, சுற்றிக்கொண்டு 4 வரும். 100இலிருந்து 255ஐக் கழித்தால் −155 வராது, 101 வரும். படத்தை உள்ளே எடுத்ததும் ஃப்ளோட் (தசம எண்) ஆக்குங்கள். கடைசியில் சேமிக்கும்போது திரும்ப 8 பிட்.

சிதறவில்லை, ஆனால் மென்மை போய் முரடாகிறது. பிரவுசரின் பிக்சல்ஸ் வரிசை 0க்குக் கீழும் 255க்கு மேலும் போனால் வெட்டிவிடும், தசமத்தையும் முழுமையாக்கிவிடும். பிழை கசிந்து காணாமல் போகும். தனியாக ஃப்ளோட் 32 வரிசை ஒன்று வைத்து அதில் கணக்கு போட்டு, முடிந்ததும் பிக்சல்ஸில் எழுதுங்கள்.

மேல் கால்வாசி மட்டும் மாறுகிறது, மீதி அப்படியே நிற்கிறது. பி5 ஜேஎஸ்ஸில், அடர்த்தி கூடிய திரையுள்ள லேப்டாப்பிலும் போனிலும் வரும் கோளாறு. பிக்சல் டென்சிட்டி 2 ஆக இருக்கும். வரிசையின் நீளம் நான்கு மடங்கு. கேன்வாஸ் உருவாக்கும் வரிக்கு முன்னால் பிக்சல்டென்சிட்டியை 1 என்று வையுங்கள்.

எதுவுமே மாறவில்லை. அப்டேட்பிக்சல்ஸை அழைத்தீர்களா? அழைத்திருந்தால் கன்சோலைப் பாருங்கள். செக்யூரிட்டி பிழை இருந்தால், எச்டிஎம்எல் கோப்பை நேரடியாக இருமுறை கிளிக் செய்து திறந்திருப்பீர்கள், அல்லது படம் வேறு தளத்திலிருந்து வருகிறது. லோக்கல் சர்வர் ஒன்றை ஓட்டி அதிலிருந்து திறங்கள்.

பேயர் முறையில் (மேட்ரிக்ஸ் என்ற நிலையான எண் கட்டத்தோடு ஒவ்வொரு பிக்சலையும் ஒப்பிடுவது), முழுக் கறுப்பில்கூட 8 பிக்சலுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மேட்ரிக்ஸின் 0 மதிப்பை எல்லையாக வைத்து, பெரியது அல்லது சமம் என்று ஒப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு மதிப்போடும் 0.5 கூட்டி 64ஆல் வகுங்கள்.

படிக்கட்டாகத் தெரிகிறது. 2×2 மேட்ரிக்ஸ் 5 மட்டம்தான் தரும், 4×4 என்றால் 17, 8×8 என்றால் 65. நான்கு சாம்பல் மட்டங்களுக்கு டிதரிங் செய்தால் மட்டங்களுக்கு நடுவே 85 இடைவெளி. மேட்ரிக்ஸ் தள்ளும் அளவும் கூட்டல் கழித்தல் 42.5க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் படிக்கட்டு, கூடினால் இரைச்சல்.

இத்தனையும் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், சோதனைப் பட்டையின் விடையை பில்லோவின் விடையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சாம்பலில் பிரிகிறதோ அங்கேதான் தப்பு. அந்த இரண்டு படத்தோடு போனால், கோடு தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

## அனிமேஷனில் புள்ளிகள் எறும்பு மொய்ப்பதுபோல் ஓடுகின்றன

எரர் டிஃப்யூஷனில் (ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க்போல் பிழையைப் பக்கத்துக்குத் தள்ளும் முறைகள்) மேல் இடது மூலையில் ஒரு பிக்சல் மாறினாலும், அந்த மாற்றம் கீழே முழுக்க வழிந்தோடும். அசையாத சுவரும் அசையும். நகரும் படத்துக்கு பேயர் அல்லது நிலையான புளூ நாய்ஸ்தான். கிம்ப்பில் பொசிஷன்டு இருப்பது இதற்காகவே. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் பேலட்யூஸ் ஃபில்டர், முறையைச் சொல்லாமல் விட்டால் சியரா வகை டிஃப்யூஷனை எடுத்துக்கொள்ளும். பேயர் என்று எழுதிக் கொடுங்கள். பேயர் ஸ்கேல் 0 முதல் 5 வரை உண்டு, தானாக இருப்பது 2. எண் கூடக் கூடப் பின்னல் மறையும், படிக்கட்டு தலைகாட்டும். ஒழுங்கான பின்னல் நன்றாகச் சுருங்குவதால் ஜிஃப் கோப்பின் அளவும் குறையும்.

## மெதுவாக ஓடுகிறது

கெட், செட் ஃபங்ஷனால் பிக்சல் பிக்சலாக எடுத்தால் நிச்சயம் திணறும்; பிக்சல்ஸ் வரிசையைத் தொடுங்கள். நிலைப் படம் என்றால் நோலூப் போடுங்கள், இல்லாவிட்டால் டிரா ஃபங்ஷன் நொடிக்கு 60 முறை அதே வேலையைச் செய்யும். 1920×1080 அளவில் அது நொடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல். 480×270இல் செய்து 4 மடங்கு பெருக்கினால் பதினாறில் ஒரு பங்கு வேலைதான், பார்வைக்கும் அதுவே நன்றாக இருக்கும். நேரலை வீடியோவில் முழு அளவு வேண்டுமென்றால் பேயரை ஷேடரில் (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் நிரல்) எழுத வேண்டும். எரர் டிஃப்யூஷனை அப்படியே ஷேடருக்குக் கொண்டுபோக முடியாது, ஒவ்வொரு பிக்சலும் முந்தையதன் விடைக்குக் காத்திருக்கும். இதற்கு மட்டும் ஷேடர் எழுதத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

## பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் படம் சரிந்தோ வெளிறியோ வருகிறது

58 மில்லிமீட்டர் பேப்பர் போடும் சாதாரண மெஷின் 384 புள்ளி அகலம் அச்சிடும். 80 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் 576. படம் சாய்ந்து வந்தால் அகலம் 8ஆல் வகுபடவில்லை. 384 புள்ளிக்கு ஒரு வரிசை சரியாக 48 பைட். நெகட்டிவாக வந்தால் 1 என்பதுதான் கறுப்பு, பிட்டுகளைப் புரட்டுங்கள். எட்டு எட்டுப் பிக்சலாகக் கலைந்து வந்தால் பைட்டுக்குள் பிட் வரிசை தலைகீழ்.

கறுப்பு அதிகமான பட்டை மட்டும் வெளிறினால் மின்சாரம் போதவில்லை: பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், வேகத்தைக் குறையுங்கள், படத்தின் கறுப்பையும் குறையுங்கள். மேலிருந்து கீழே ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் மெஷினை அணைத்து, ஹெட் ஆறியபின் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மூன்று முறை துடைத்தும் கோடு அதே இடத்தில் நின்றால் ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துவிட்டது. அதற்கு சர்வீஸ் சென்டர்தான். ஹெட் மாற்றும் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சிறிய மெஷினுக்குப் புதியதே லாபமாக இருக்கலாம்.

## துணியில் புள்ளிகள் உதிர்கின்றன, அல்லது அடைத்துக்கொள்கின்றன

திரையில் பார்த்த ஒற்றைப் பிக்சல் புள்ளியை ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷ் (வலைத்துணி) தாங்காது. சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள மெஷ்ஷில் இழைக்கு இழை 0.13 மில்லிமீட்டர், புள்ளி மூன்று இழையாவது அகலம் இருந்தால்தான் ஸ்டென்சில் பிடித்து நிற்கும். இன்ச்சுக்கு 60 புள்ளி என்று வைத்தால் ஒரு புள்ளி 0.42 மில்லிமீட்டர். 12 இன்ச் டிசைனுக்கு 720 பிக்சலில் டிதரிங் செய்து, 5 மடங்கு பெருக்கி, 3600 பிக்சலாக 300 டிபிஐயில் பாசிட்டிவ் (ஸ்கிரீன் செய்வதற்கான ஃபிலிம்) எடுங்கள்.

முகம் போல மென்மையான நிழல் வேண்டுமென்றால் டிதரிங்கை விட்டுவிட்டு போட்டோஷாப்பின் ஹாஃப்டோன் ஸ்கிரீன் (புள்ளியின் பருமனால் நிழல் காட்டுவது), 45 எல்பிஐ (இன்ச்சுக்கு 45 புள்ளி வரிசை), 22.5 டிகிரி கோணம். இதில் எவ்வளவு முயன்றாலும் மெஷ், மை, துணி மூன்றும் நம் கையில் இல்லை. அதனால் பாசிட்டிவ் எடுக்கும் முன்னரே, திருப்பூரிலோ உங்கள் ஊரிலோ பிரிண்ட் போடுபவரிடம் அந்த 11 கட்டப் பட்டையைக் கொடுத்து, அதே துணியில் ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள். கழுவிக் காய்ந்த பிறகு எந்தக் கட்டம் உதிர்கிறது, எது அடைகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குள் டோனை அடக்கி மறுபடி டிதரிங் செய்யுங்கள்.